நிலாவும் மாதமும் ஒரே சொல்: நானாய் 'பியா', உக்ரைனிய 'மிஸ்யாத்ஸ்' – வேரும் வேற்றுமையும்

#1 முகில்

'நிலா' என்ற தலைப்பில் ஒரு பன்மொழிச் சொல்விளக்கம் தயாராகிறது. இரண்டு மொழிகளின் பகுதி மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. ஒன்று அமூர் ஆற்றங்கரையின் நானாய், மற்றது உக்ரைனியம். வரைவில் இப்போது இருப்பது இவ்வளவுதான்:

நானாய்: பியா – நிலா, மாதம்.
உக்ரைனியம்: மிஸ்யாத்ஸ் – ஆண்பால்; நிலா; மாதம். பன்மை மிஸ்யாத்ஸி.
தோற்றம்: இரு மொழியிலும் ஒரே சொல் இரண்டு பொருளையும் தருவதால், வட ஆசியா வழியாக ஒரு பழைய தொடர்பு இருந்திருக்கலாம்.

தோற்றக் குறிப்பு நிற்குமா? வேற்றுமை வடிவங்களை எப்படிக் காட்டுவது? எண்ணுப்பெயருக்குப் பின்னால் இந்தச் சொற்கள் என்ன ஆகின்றன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சொல்லேர்

தோற்ற வரியை முழுக்க நீக்கிவிடுங்கள் முகில். அது நிற்காது.

நிலாவும் மாதமும் ஒரே சொல்லில் அடங்குவது உலகெங்கும் காணும் வழக்கம். நம் 'திங்கள்' அப்படித்தான். துருக்கிய மொழிகளின் 'ஆய்', மங்கோலியத்தின் 'சார்', பாரசீகத்தின் 'மாஹ்', ஃபின்னியத்தின் 'கூ' எல்லாமே இரண்டு பொருளும் தருபவை. இவற்றில் எதுவும் இன்னொன்றிடம் இந்த வழக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைவரை சுமார் 29.5 நாள். வானத்தைப் பார்த்து நாள் எண்ணிய எந்த மக்களும் அந்தக் கால அளவுக்கு நிலாவின் பெயரையே வைப்பது இயல்பு.

ஆக, பொருள் ஒற்றுமை இன உறவுக்குச் சான்றாகாது. ஒலி ஒற்றுமையும் தனியாக நின்றால் சான்றாகாது. நானாய் மொழியில் 'நாய்' என்றால் மனிதர். நாம் சொல்லும் நாய்க்கு அவர்கள் சொல் 'இந்தா'. 'நா' நிலம், 'நாய்' மனிதர். இரண்டும் சேர்ந்ததே 'நானாய்', அதாவது மண்ணின் மக்கள். இதே 'நாய்' உக்ரைனியத்தில் முன்னொட்டாக வந்து 'மிக' என்ற உச்ச அளவைக் குறிக்கும். எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று, உறவு மட்டும் துளியும் இல்லை. ஒரே சிரில்லிக் எழுத்தில் எழுதப்படுவதால் அகராதித் தளங்களில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். அதைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

உறவைக் காட்ட வேண்டுமென்றால் ஒரே வழிதான். முதலில் அந்தந்த மொழியின் உடன்பிறந்த மொழிகளில் இணைச்சொல்லைத் தேடுங்கள். ஒலிமாற்றம் வேறு சொற்களிலும் அதே முறையில் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். கடன்சொல் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பொருளை ஒப்பிடுவது அதற்குப் பிறகு. வரைவில் கடைசிப் படி மட்டும் இருக்கிறது, முதல் மூன்றும் இல்லை.

#3 அமூர்க்கரை

நானாய்ப் பகுதிக்கு அந்த முதல் மூன்று படிகளைச் செய்துவிடலாம்.

நானாய் துங்கூசியக் குடும்பத்து மொழி. ரஷ்யாவில் பெரும்பாலும் கபரோவ்ஸ்க் பிரதேசத்தில், அமூரின் கீழ்ப்பகுதியில் பேசப்படுகிறது. சீனப் பக்கத்தில் இதே மக்களுக்கு ஹெஜே என்று பெயர். ரஷ்யாவின் 2010 கணக்கெடுப்பில் நானாய் மக்கள் 12,003 பேர். மொழி தெரிந்தவர்கள் அதில் சிறு பகுதியினரே. எழுத்து வழக்கு நாய்ஹின் ஊர்ப் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. 1930களின் தொடக்கத்தில் லத்தீன் எழுத்தில் தொடங்கி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சிரில்லிக்குக்கு மாறியது.

அதே குடும்பத்து மொழிகளில் இணைச்சொற்கள்: மஞ்சு மொழியில் 'பிய', உதேகேயில் 'பேஆ', ஈவென்கியில் 'பேகா'. எல்லாவற்றிலும் பொருள் நிலாவும் மாதமும்தான். மஞ்சுவில் மாதப் பெயர்களே இதைச் சேர்த்துத்தான் வரும்: 'ஜோர்கோன் பிய' என்றால் பன்னிரண்டாம் மாதம்.

ஈவென்கி வடிவத்தில் இருக்கும் ககரம்தான் முக்கியம் (இங்கே எழுதும் ககரத்தை 'மகன்' என்பதில் போல மென்மையாக வாசியுங்கள்). அது மற்ற மொழிகளில் எங்கே போயிற்று? இரண்டு உயிருக்கு நடுவே இருந்த பழைய ககரம் நானாயில் விழுந்துவிட்டது. இது 'பியா'வில் மட்டும் நடந்தது அல்ல:

நெருப்பு – ஈவென்கி 'தோகோ', நானாய் 'தா-ஓ' (மஞ்சு 'துவ').
உலகம், வெளி, வானிலை – ஈவென்கி 'புகா', நானாய் 'போ-ஆ'.
நிலா – ஈவென்கி 'பேகா', நானாய் 'பி-ஆ'.

மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே இழப்பு. அதனால் மூலத்துங்கூசிய வடிவத்தை ஏறக்குறைய *பியாகா என்று மீட்கிறார்கள். முன்னால் உடுக்குறி (*) போடுவதை மறக்க வேண்டாம். அது எழுத்தில் கிடைத்த வடிவம் அல்ல, ஒப்பீட்டால் கட்டியது.

பதிவில் ஒலிக்குறிப்பும் தேவை. 'பியா'வின் முதல் எழுத்து 'பஸ்' என்பதில் வரும் பகரம், 'பல்' என்பதில் வருவது அல்ல. நானாயில் இரண்டும் வேறு வேறு ஒலியன்கள், அதாவது சொல்லின் பொருளைப் பிரிக்கும் ஒலிகள். தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடு தெரியாது.

#4 இடையினம்

உக்ரைனியப் பகுதி என் பக்கம்.

'மிஸ்யாத்ஸ்' என்பதன் கடைசி ஒலி மென்மையானது, அதாவது நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி எழும். அதற்காகவே உக்ரைனிய எழுத்தில் சொல்லின் முடிவில் மென்குறி போடுகிறார்கள். ரஷ்ய 'மெஸ்யத்ஸ்' வன்மையாக முடியும், மென்குறி கிடையாது. ரஷ்ய எழுத்துப் பழக்கத்தில் மென்குறியை விட்டுவிடுவது அடிக்கடி காணும் பிழை. அழுத்தம் முதலசையில், எல்லா வடிவத்திலும் அங்கேயே நிற்கும், நகராது.

இனி வரலாறு. சொல்லை மூன்று துண்டாகப் பாருங்கள்.

முதலசை 'மி'. இங்கே பழைய ஸ்லாவியத்தில் 'யாத்' என்று பெயர் கொண்ட உயிர் இருந்தது. உக்ரைனியத்தில் அது இகரம் ஆனது, ரஷ்யத்தில் எகரம் ஆனது. காடு: லிஸ் / லெஸ். பனி: ஸ்னிஹ் / ஸ்னெக். ரொட்டி: ஹ்லிப் / ஹ்லெப். இந்த வரிசையில்தான் மிஸ்யாத்ஸ் / மெஸ்யத்ஸ் சேரும்.

இரண்டாம் அசையில் மூக்கொலி கொண்ட ஓர் எகரம் இருந்தது. கிழக்கு ஸ்லாவியத்தில் மூக்கொலி போய் 'யா' ஆயிற்று. போலிஷ் மொழி அந்த மூக்கொலியை இன்றும் விடவில்லை: 'மியெஷோன்த்ஸ்'. சந்தேகப்படுபவருக்கு அந்த ஒரு வடிவத்தைக் காட்டினால் போதும்.

கடைசி 'த்ஸ்' முன்பு ககரம், ஒரு பின்னொட்டின் பகுதி. முன்னால் இருந்த மூக்கொலி எகரம் அந்தக் ககரத்தை மென்மையாக்கி 'த்ஸ்' ஆக மாற்றியது. முன்னே நிற்கும் உயிர் பின்னே வரும் மெய்யை மாற்றும் இந்த நிகழ்ச்சி ஸ்லாவிய மொழிகளின் ஒலிவரலாற்றில் பெயர் பெற்றது.

அதற்கும் மேலே போனால் இந்தோ-ஐரோப்பிய மூலச்சொல். லிதுவேனியத்தில் 'மேனுவோ' நிலா, 'மேனெஸிஸ்' மாதம். லத்தீனில் 'மென்ஸிஸ்' மாதம். கிரேக்கத்தில் 'மேன்'. வடமொழியில் 'மாஸ்', 'மாஸ'.

#5 முகில்

தோற்ற வரியை எடுத்துவிட்டேன். வடமொழி 'மாஸ' என்று வந்துவிட்டதால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நம் 'மாசம்' அங்கிருந்து வந்ததுதானே? அப்படியானால் 'மிஸ்யாத்ஸ்' என்பதோடு 'மாசம்' உறவுச்சொல் என்று எழுதலாமா?

#6 சொல்லேர்

எழுதலாம், ஆனால் சொற்களைக் கவனமாக வைக்க வேண்டும். 'மாசம்', 'மாதம்' இரண்டும் வடமொழி 'மாஸ' என்பதிலிருந்து தமிழ் கடன் வாங்கியவை. வடமொழிச் சொல்லும் உக்ரைனியச் சொல்லும் ஒரே மூலத்தின் கிளைகள். எனவே 'தமிழில் கடனாக வழங்கும் மாதம் என்னும் சொல்லின் மூலமும் இதுவே' என்று எழுதுங்கள். 'தமிழுக்கும் உக்ரைனியத்துக்கும் பொதுவான சொல்' என்று எழுதினால் அது பிழை. நம் சொந்தச் சொல் 'திங்கள்'. அதற்கும் இந்த வேருக்கும் தொடர்பில்லை.

அந்த மூலச்சொல் 'அளத்தல்' என்ற பொருள் கொண்ட வினைவேரிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் கொள்கை. காலத்தை அளக்கும் ஒளி என்பதால் நிலாவுக்கு அந்தப் பெயர். வடமொழியில் அதே வேர் 'மா'. அதிலிருந்து 'மாத்ரா', அது தமிழில் 'மாத்திரை'. யாப்பில் எழுத்தின் கால அளவைச் சொல்ல நாம் எடுக்கும் சொல்லும், கீவ் நகரத்தில் நிலாவுக்கு வழங்கும் சொல்லும் ஒரே வேரில் போய் முடிகின்றன. பதிவில் ஒரு வரி இதற்குக் கொடுத்தால் தமிழ் வாசகருக்குப் பிடிமானமாக இருக்கும்.

#7 தூமணி

உக்ரைனியத்தில் 'லுனா' என்றால் எதிரொலி. ரஷ்யத்தில் அது நிலா. ரஷ்யம் வழியாக வரும் மொழிபெயர்ப்புகளில் 'லுனா உதித்தது' என்ற வகைப் பிழை நுழைந்துவிடும். பொருள் பகுதியில் ஓர் எச்சரிக்கை சேருங்கள். போலிஷில் மூலச்சொல் மாதத்துக்கு மட்டும் ஒதுங்கிவிட்டது, நிலாவுக்கு வேறு சொல் வந்துவிட்டது. செக்கில் இரண்டு பொருளும் நிற்கின்றன. ரஷ்யத்தில் 'மெஸ்யத்ஸ்' மாதத்தையும் பிறையையும் குறிக்கும். ஸ்லாவிய மொழி என்றால் எல்லாம் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உக்ரைனியத்தில் நிறைநிலவுக்கு 'போவ்ன்யா', இளம்பிறைக்கு 'மொலொதிக்' என்று தனிச்சொற்கள் உண்டு. வானியலில் பூமியின் துணைக்கோளைக் குறிக்கும்போது 'மிஸ்யாத்ஸ்' பெரிய எழுத்தில் தொடங்கும். மாதம் என்ற பொருளில் சிறிய எழுத்து.

#8 அமூர்க்கரை

நானாய் வேற்றுமைகள். தமிழ் படித்தவருக்கு இந்த முறை எளிதாகப் பிடிபடும். பகுதி மாறாது, உருபு பின்னால் ஒட்டும்.

பியா – எழுவாய், உருபு இல்லை
பியாவா – நிலாவை
பியாஜி – நிலாவால், நிலாவோடு
பியாதோ – நிலாவுக்கு; மாதத்தில்
பியாலா – நிலாவில், நிலாவருகே
பியாச்சி – நிலாவை நோக்கி
பியாஜியாஜி – நிலாவிலிருந்து

சிரில்லிக்கில் 'ஜி' என்ற இடத்தில் தகரத்துக்குரிய எழுத்துதான் இருக்கும். இகரத்துக்கு முன் அதை ஜகரமாக வாசிக்க வேண்டும். எழுத்தைப் பார்த்து 'பியாதி' என்று பெயர்த்தால் தவறு.

ஏன் 'தோ', ஏன் 'லா' என்பதுதான் அடுத்த கேள்வி. நானாயில் உயிரிசைவு உண்டு. உயிர்கள் இரண்டு அணி: ஆ, ஓ ஓர் அணி, நடுநாவில் பிறக்கும் எகரம் போன்ற ஒலியும் உகரமும் மற்ற அணி. ஒரு சொல்லுக்குள் அணி கலக்காது, உருபும் பகுதியின் அணியைப் பின்பற்றும். 'எக்தெ' (பெண்) என்பதை எடுத்தால் எக்தெவெ, எக்தெது, எக்தெலெ. 'பியா' என்பதில் பியாவா, பியாதோ, பியாலா.

தடுமாறும் இடம் இகரம். அது இரண்டு அணியிலும் வரும், உச்சரிப்பில் சிறு வேறுபாடு உண்டு, எழுத்தில் ஒன்றுதான். எனவே 'பியா'வின் இகரத்தைப் பார்த்து அணியை முடிவு செய்ய முடியாது, அடுத்திருக்கும் ஆகாரத்தைப் பாருங்கள். இகரம் மட்டுமே உள்ள சொற்களுக்கு அகராதியில் உருபு சேர்ந்த வடிவம் ஒன்றையாவது பார்க்காமல் பட்டியல் போடக் கூடாது.

இரண்டாம் வேற்றுமையில் இன்னொரு மாற்றமும் உண்டு. உயிரில் முடிந்தால் 'வா/வெ', மெய்யில் முடிந்தால் 'பா/பெ'. னகரத்தில் முடிந்தால் அந்த னகரம் மகரமாகும்: மோரின் (குதிரை) → மோரிம்பா. நாம் 'தென்பக்கம்' என்பதைப் பேச்சில் 'தெம்பக்கம்' என்பதுபோலத்தான். 'பியா' உயிரில் முடிவதால் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை.

#9 தூமணி

ஆறாம் வேற்றுமை எங்கே? பட்டியலில் விடுபட்டிருக்கிறதே.

#10 அமூர்க்கரை

விடுபடவில்லை. நானாயில் ஆறாம் வேற்றுமை உருபே இல்லை. உடைமைக் குறி உடையவர்மேல் ஏறாது, உடைமைப் பொருள்மேல் ஏறும். 'மாதத்தின் பெயர்' என்பதற்கு 'பியா கெர்புனி'. சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'மாதம் பெயர்-அதன்'. 'பியா' வெறுமனே நிற்கிறது, 'கெர்பு' (பெயர்) என்பதோடு 'னி' ஒட்டியிருக்கிறது.

அந்த விகுதிகள் ஒருமையில்: என் – 'இ', உன் – 'சி', அவன்/அவள்/அதன் – 'னி'. படகுக்கு 'ஓக்தா' என்று சொல். ஓக்தாய் என் படகு, ஓக்தாசி உன் படகு, ஓக்தானி அவர் படகு. வேற்றுமையும் சேர்ந்தால் வேற்றுமை முதலில், உடைமை பிறகு: ஓக்தா-லா-னி, அவர் படகில். துருக்கிய மொழிகளில் வரிசை இதற்கு நேர் எதிர், அங்கே உடைமை முதலில் வரும். இரண்டும் ஒட்டுநிலை மொழிகள் என்பதால் வரிசையும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணி வடிவங்களைப் புனைந்துவிடாதீர்கள்.

நானாய் பெயர்ச்சொல்லின் அழகு இன்னோர் இடத்தில் இருக்கிறது. உடலோடு பிறந்ததும் பிறகு வந்து சேர்ந்ததும் வேறு வேறாக நடக்கும். 'ஜிலினி' என்றால் அவருடைய தலை, கழுத்துக்கு மேல் உள்ளது. 'ஜிலிங்குனி' என்றாலும் அவருடைய தலைதான், ஆனால் வேட்டையில் கிடைத்த விலங்கின் தலைபோல அவர் வசம் வந்தது. நடுவில் நுழைந்த 'ங்கு' (மற்ற அணியில் 'ங்கோ') அந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. இதைத் தமிழில் சொல்ல நமக்கு ஒரு முழு வாக்கியம் வேண்டும்.

#11 சொல்லேர்

எட்டாவதாக ஒன்று உண்டே, இன்னாருக்காக என்று குறிக்கும் வடிவம்? அதையும் வேற்றுமை என்று எண்ணுவீர்களா?

#12 அமூர்க்கரை

'கோ/கு' வடிவத்தைச் சொல்கிறீர்கள். ஓக்தாகோய் – எனக்கென்று ஒரு படகு. வாலன்தீன் அவ்ரோரின் 1959இலும் 1961இலும் இரண்டு பாகமாக வெளியிட்ட நானாய் இலக்கணம் அதையும் வேற்றுமையாகவே கொள்கிறது. தனியாக நிற்காமல் எப்போதும் உடைமை விகுதியைக் கூட்டிக்கொண்டே வருவதால், வேற்றுமை வரிசையில் வைக்காமல் தனியாகப் பேசுவதும் உண்டு. என் பார்வையில் பதிவின் பட்டியலில் ஏழை மட்டும் வைத்துவிட்டு, இதைக் கீழே குறிப்பாகத் தருவது நல்லது. உடைமை விகுதி இல்லாமலும் நிற்கும் ஏழோடு எப்போதும் அதை ஏற்றிவரும் ஒன்றைக் கலந்தால் வாசகர் குழம்புவார். தமிழில் 'எனக்காக' என்பதில் குகர உருபின்மேல் 'ஆக' ஏறுகிறது. ஏறக்குறைய அதன் வேலைதான் இது, ஆனால் பொருள்மேலேயே ஏறுகிறது.

#13 முகில்

பன்மை? 'பியாசால்' என்று போடலாமா?

#14 அமூர்க்கரை

'சால்/செல்' பன்மை விகுதி உண்மைதான்: நாய்சால், மனிதர்கள். ஆனால் கட்டாயம் இல்லை. எண்ணுப்பெயர் வந்தால் தேவையே இல்லை: எம் பியா (ஒரு மாதம்), ஜுஎர் பியா (இரண்டு), இலான் பியா (மூன்று), தோய்ங்கா பியா (ஐந்து). எண் எவ்வளவு பெரியதானாலும் 'பியா' அசையாது. பேச்சில் 'மூணு மாசம் ஆச்சு' என்று நாம் சொல்வது போலவே. உக்ரைனியப் பதிவில் பன்மைக் கட்டம் இருக்கிறது என்பதற்காக இங்கேயும் ஒரு கட்டம் திறக்க வேண்டாம்.

#15 இடையினம்

உக்ரைனியத்தில் நிலைமை தலைகீழ். எண்தான் அங்கே பெரிய சோதனை. முதலில் வடிவங்கள்.

ஒருமை:
எழுவாய் – மிஸ்யாத்ஸ்
உடைமை – மிஸ்யாத்ஸ்யா
கொடை – மிஸ்யாத்ஸெவி அல்லது மிஸ்யாத்ஸ்யு
செயப்படுபொருள் – மிஸ்யாத்ஸ்
கருவி – மிஸ்யாத்ஸெம்
இடம் – ('நா' போலப் பெயருக்கு முன் வரும் முன்னிடைச் சொல்லோடு மட்டும்) நா மிஸ்யாத்ஸி, நிலாவில்
விளி – மிஸ்யாத்ஸ்யு

பன்மை: மிஸ்யாத்ஸி (எழுவாய், செயப்படுபொருள், விளி), மிஸ்யாத்ஸிவ் (உடைமை), மிஸ்யாத்ஸ்யாம் (கொடை), மிஸ்யாத்ஸ்யாமி (கருவி), மிஸ்யாத்ஸ்யாஹ் (இடம்).

பதினான்கு இடத்துக்குப் பத்து வடிவங்களே. 'மிஸ்யாத்ஸி' ஒன்றே ஒருமை இடவேற்றுமையாகவும் பன்மை எழுவாயாகவும் நிற்கும். எது என்பதை முன்னிடைச் சொல்தான் சொல்லும். ஒரே விகுதிக்குள் பால், எண், வேற்றுமை மூன்றும் உருகிக் கிடக்கின்றன. நானாயின் 'பியா-லா' என்பதைப் போல இதுதான் வேற்றுமை, இதுதான் எண் என்று வெட்டிக் காட்ட முடியாது.

பிழை நேரும் இடங்கள்:

கருவி வேற்றுமையில் 'எம்', 'ஓம்' அல்ல. பகுதி மென்மையான மெய்யில் முடிவதால்.

உடைமையில் 'யா'. அஃறிணை ஆண்பாற் பெயர்கள் பலவற்றுக்கு 'உ/யு' வரும் என்பதால் இங்கும் அதைப் போடத் தோன்றும். காலம், நீளம், எடை ஆகியவற்றின் அளவுப்பெயர்களுக்கு விதி 'ஆ/யா': வாரம் – திஷ்ன்யா, மாதம் – மிஸ்யாத்ஸ்யா. விதிவிலக்கு ஆண்டும் நூற்றாண்டும்: ரொக்கு, விக்கு.

இகரம் மாறாது. 'ரிக்' (ஆண்டு) உடைமையில் 'ரொக்கு' ஆகிறதே, 'மிஸ்யாத்ஸ்' ஏன் 'மொஸ்யாத்ஸ்யா' ஆகவில்லை? 'ரிக்' என்பதன் இகரம் மூடிய அசையில் (மெய்யில் முடியும் அசையில்) பழைய ஒகரத்திலிருந்து வந்தது, அசை திறந்தவுடன் ஒகரம் திரும்பிவிடும். 'மிஸ்யாத்ஸ்' என்பதன் இகரம் 'யாத்' என்பதிலிருந்து வந்தது. அதற்குத் திரும்ப ஒகரம் இல்லை. தோற்றக் குறிப்பு வெறும் அலங்காரமாக இல்லாமல் இலக்கணத்துக்கு நேரடியாக உதவும் இடம் இது. பதிவில் அவசியம் வர வேண்டும்.

#16 தூமணி

எண்ணோடு வரும் வடிவங்களை நான் சேர்க்கிறேன்.

1 – ஓதின் மிஸ்யாத்ஸ்.
2, 3, 4 – மிஸ்யாத்ஸி, பன்மை எழுவாய்.
5 முதல் 20 வரை – மிஸ்யாத்ஸிவ், பன்மை உடைமை.
21 – மறுபடியும் ஒருமை மிஸ்யாத்ஸ். 22, 23, 24 – மிஸ்யாத்ஸி. 25 – மிஸ்யாத்ஸிவ்.
ஒன்றரை – ஒருமை உடைமை: பிவ்தொரா மிஸ்யாத்ஸ்யா. தசம பின்னத்துக்கும் ஒருமை உடைமையே.

கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும், ஆனால் 11 முதல் 14 வரை விலக்கு: அவை எப்போதும் மிஸ்யாத்ஸிவ். நிரல் எழுதுபவர்கள் தவறவிடுவது இந்த நான்கு எண்களைத்தான். 'ஒன்று / பல' என்று இரண்டு வடிவம் மட்டும் வைத்த மென்பொருள் இடைமுகத்தில் '5 மிஸ்யாத்ஸி' என்று தெரியும். முழு எண்ணுக்கு மூன்று வடிவமும் கொடுக்க வேண்டும்.

ரஷ்யம் தெரிந்தவர்களுக்குத் தனி எச்சரிக்கை. ரஷ்யத்தில் 2, 3, 4 ஆகியவற்றுக்குப் பின் ஒருமை உடைமை வரும். அந்தப் பழக்கத்தில் 'த்வா மிஸ்யாத்ஸ்யா' என்று எழுதுவது உக்ரைனியத்தில் பிழை. 'த்வா மிஸ்யாத்ஸி' என்பதே சரி.

'இந்த மாதம்', 'போன மாதம்' என்பவற்றுக்கு முன்னிடைச் சொல் இல்லாத உடைமை வேற்றுமை: த்ஸ்யொஹொ மிஸ்யாத்ஸ்யா, மினுலொஹொ மிஸ்யாத்ஸ்யா. 'மாதந்தோறும்' ஒரே சொல்: ஷ்சொமிஸ்யாத்ஸ்யா.

#17 முகில்

பால் பற்றி ஒரு வரி வேண்டும். நானாயில் பால் இல்லை என்று புரிகிறது. உக்ரைனியத்தில் அது எங்கே வெளிப்படும்?

#18 இடையினம்

இறந்தகால வினையில் உடனே தெரியும். நிலா ஆண்பால்: மிஸ்யாத்ஸ் ஸிய்ஷோவ். விண்மீன் பெண்பால்: ஸிர்கா ஸிய்ஷ்லா. சூரியன் அலிப்பால்: சோன்த்ஸெ ஸிய்ஷ்லோ. வானத்தில் எழும் மூன்றுக்கும் 'எழுந்தது' என்ற வினை மூன்று விதமாக முடியும். எடுத்துக்காட்டாக இதையே போடுங்கள். மூன்று பாலும் ஒரு வரியில் அடங்கிவிடும்.

மாதப் பெயர்களும் ஆண்பாலே. தேதியில் உடைமை வேற்றுமையில் வரும். ஜனவரி 'சிச்சென்', 'ஜனவரி முதல் நாள்' என்பதில் 'சிச்ன்யா'. நடுவில் இருந்த எகரம் விழுந்துவிடும். பிப்ரவரி 'ல்யூதிய்' வடிவில் பெயரடை, அதனால் பெயரடைபோல் திரிந்து 'ல்யூதொஹொ' ஆகும். நவம்பர் 'லிஸ்தொபாத்', இலையுதிர்வு என்று பொருள். நவம்பர் என்றால் உடைமை 'லிஸ்தொபாதா', இலை உதிரும் நிகழ்ச்சி என்றால் 'லிஸ்தொபாது'. ஒரே சொல், விகுதி பொருளைப் பிரிக்கிறது.

#19 முகில்

திருத்திய வரைவு:

நானாய் பியா (பெயர்). பொருள்: நிலா, மாதம். துங்கூசியம், மூலவடிவம் *பியாகா. ஒப்பு: ஈவென்கி பேகா, மஞ்சு பிய, உதேகே பேஆ. உயிரிடைக் ககரம் கெட்டது (ஒப்பு: தோகோ / தா-ஓ). ஆகார அணி: பியாவா, பியாஜி, பியாதோ, பியாலா, பியாச்சி, பியாஜியாஜி. எண்ணுப்பெயருக்குப் பின் மாற்றமில்லை: இலான் பியா.

உக்ரைனியம் மிஸ்யாத்ஸ் (பெயர், ஆண்பால், அஃறிணை, மென்பகுதி). பொருள்: நிலா, மாதம். 'லுனா' எதிரொலி, நிலா அல்ல. மூலம் இந்தோ-ஐரோப்பியம். ஒப்பு: வடமொழி மாஸ, அதிலிருந்து கடனாகத் தமிழ் மாதம். இகரம் 'யாத்' வழி வந்ததால் திரியாது. உடைமை மிஸ்யாத்ஸ்யா, கருவி மிஸ்யாத்ஸெம், பன்மை மிஸ்யாத்ஸி, பன்மை உடைமை மிஸ்யாத்ஸிவ். 2–4 மிஸ்யாத்ஸி; 5–20 மிஸ்யாத்ஸிவ். கூட்டுச்சொல்: பிவ்மிஸ்யாத்ஸ் – பிறை, அரை மாதம்.

#20 இடையினம்

கடைசிச் சொல்லை மட்டும் பிரியுங்கள். 'பிவ்மிஸ்யாத்ஸ்' ஒரே சொல்லாக எழுதினால் பிறை மட்டும்தான், தனிப்பொருள். அரை மாதம் என்றால் இரண்டு சொல், இரண்டாவது ஒருமை உடைமையில்: பிவ் மிஸ்யாத்ஸ்யா. 2019இல் வந்த உக்ரைனிய எழுத்துமுறை விதி இது. பாதி என்ற பொருளில் வரும் 'பிவ்' பிரிந்து நிற்கும், புதிய தனிப்பொருள் பிறந்த சொற்களில் சேர்ந்தே நிற்கும். 2019க்கு முந்தைய நூல்களில் அரை மாதத்தையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். அவற்றிலிருந்து எடுத்துக்காட்டு எடுத்தால் பிரித்துப் போடுங்கள்.

#21 முகில்

பிரித்துவிட்டேன். 'பிவ்மிஸ்யாத்ஸ் – பிறை' ஒரு வரி, 'பிவ் மிஸ்யாத்ஸ்யா – அரை மாதம்' மறு வரி. 'பியா'வின் முதலெழுத்துக்கு 'பஸ்' என்பதன் பகரம் என்ற ஒலிக்குறிப்பும் சேர்ந்துவிட்டது.

#22 அமூர்க்கரை

'பிவ்' என்பது அப்படியில்லை, அங்கே வல்லின பகரம், 'பல்' என்பதில் வருவது. இரண்டும் ஒரே பக்கத்தில் வருவதால் அதற்கும் ஒரு குறிப்பு போடுங்கள்.